வாசலில் நின்றவர்களும் வாங்கிய கணினியும்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! அன்று தொட்டு இன்றுவரை எங்களோடு தோள்கொடுத்து நிற்கும் பெரியவர்களே! சிலிண்டரைச் சுமந்து சுவாசத்தைச் சேர்ப்பித்த ஓட்டுநர் தோழர்களே! அவர்கள் வீடு திரும்பும்வரை விழித்திருந்த தாய்மார்களே! கணினி போட்ட கூட்டலைக் கால்குலேட்டரில் சரிபார்த்த எங்கள் கணக்கம்மா அவர்களே! சிரிக்காதீர்கள், அந்தக் கதைக்குத்தான் வருகிறேன். அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

புதிய கணினி ஏற்பாடு ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் இன்று கூடியிருக்கிறோம். நம் இளைஞர்கள் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். வேகம் கூடும் என்றார்கள். துல்லியம் கூடும் என்றார்கள். வெளிப்படைத்தன்மை கூடும் என்றார்கள். கூடும், கூடும், கூடும்! கேட்கக் கேட்க எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் இந்த நிறுவனத்தை ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கியவர் அவர். ஒரு மேசை, ஒரு தொலைபேசி, தள்ளினால்தான் கிளம்பும் ஒரு வண்டி. மின்விசிறியைப் போட்டால் சத்தம் வரும், காற்று வராது. ஆனாலும் அந்தக் கொட்டகையில் நாங்கள் சிரித்த சிரிப்பை இந்தக் குளுகுளு அறைகளில் நான் கேட்டதில்லை.

ஊரெல்லாம் கணினி வாங்குகிறதே என்று நாங்களும் ஒன்று வாங்கினோம். தூசி படாமல் பூப்போட்ட துணியால் மூடினோம். ரசீதைக் கணினியில் அடித்தோம். அடித்ததைக் கையாலும் எழுதினோம். எழுதியதைக் கால்குலேட்டரில் கூட்டினோம். ஒரு வேலை மூன்று வேலையாயிற்று!

"ஏம்மா, அதுதான் கூட்டுதே, நீங்க வேற எதுக்குக் கூட்டறீங்க?" என்றார் அண்ணன்.

"தப்பாக் கூட்டிட்டா யார் சார் பதில் சொல்றது? அதுவா வந்து உங்க முன்னாடி கைகட்டி நிக்கும்?" என்றார் கணக்கம்மா.

அம்மா, முகத்தை மூடிக்கொள்ளாதீர்கள்! நீங்கள் கேட்டது நியாயம்தான். புதியதை வாங்கினோம், பழையதை விடவில்லை. அப்புறம் ஆதாயம் ஆகாயத்திலிருந்தா விழும்?

அன்றிலிருந்து அண்ணன் ஒரு வழக்கம் வைத்தார். எந்த இயந்திரம் வேண்டுமென்றாலும், கேட்பவர் அவர் எதிரே இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார வேண்டும். அவர் கேட்பது ஒன்றுதான். "இது வந்தா யாரு எதை விடப்போறாங்க?" வேலையாட்கள் அவருக்கு வைத்த பெயர் 'கேள்விக்குறி'. அவர் காதிலும் விழுந்தது. மனுஷன் மகிழ்ந்துபோனார்!

ஒருநாள் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வண்டியும் எங்கே வருகிறது என்று வாடிக்கையாளரின் கைபேசியிலேயே தெரியும் ஏற்பாடு வேண்டுமென்றேன். எரிபொருள் மிச்சம் என்றேன், உடனுக்குடன் அறிக்கை என்றேன்.

"தங்கச்சி, இதெல்லாம் விக்க வந்தவன் சொன்னது. நீ சொல்லு. யாரு எதை விடப்போறாங்க?"

"வாங்க மனசில்லேன்னா நேரடியாச் சொல்லுண்ணா!" என்று சீறினேன்.

"கோவத்தை இங்க வச்சுட்டு, வண்டில ஏறிப் போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

போனேன். என்ன கண்டேன் தெரியுமா? வீட்டுக்கு வீடு வாசலில் ஓர் ஆள்! மகன் நிற்கிறான், மனைவி நிற்கிறாள், மருமகள் நிற்கிறாள். உள்ளே மூச்சுக்குத் தவிக்கிறவர் தனியாகக் கிடக்கிறார்! ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"போன் பண்ணா 'வந்துட்டே இருக்கு'ங்கறீங்க. எங்க வருதுன்னு சொல்ல மாட்டேங்கறீங்க. நான் வாசல்ல நிக்கறதா, எங்கப்பா பக்கத்துல உக்கார்றதா?"

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். "வாசல்ல நிக்கறதை விடப்போறாங்கண்ணா" என்றேன். அவ்வளவுதான். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "வாங்கு. ஆனா நெஜமாவே விட்டாங்களான்னு நீதான் போய்ப் பாக்கணும்" என்றார்.

பார்த்தேன். முதலில் யாரும் விடவில்லை! ஏன்? வண்டி இருக்குமிடம் காட்டும் கருவியை நம் ஓட்டுநர்கள் அணைத்து வைத்திருந்தார்கள். டீக்கடையில் நிற்பது தெரிந்துவிடுமாம்! மூன்றாம் வரிசையில் யாரோ கனைக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். கெஞ்சி, கொஞ்சி, சண்டைபோட்டு வழிக்குக் கொண்டுவந்தேன். மெல்ல மெல்ல வாசல்கள் காலியாயின.

காலம் யாரை விட்டது? பிறருக்கெல்லாம் மூச்சை அனுப்பிய அண்ணனுக்கே மூச்சு முட்டியது. ஒரு மத்தியானம் சிலிண்டர் தீரப்போகிறது. நான் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"வண்டி வர்ற நேரமாச்சே... வாசலுக்குப் போகலையா நீ?"

"எதுக்குண்ணா? பக்கத்துத் தெருவுல திரும்புது பாரு" என்று கைபேசியைக் காட்டினேன்.

திரையைப் பார்த்தார். பிறகு அவர் கையைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். "அப்போ விட்டாச்சு" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. ஆனால் அந்த மத்தியானம் முழுக்க நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன். ஐயா, எந்த அறிக்கையில் எழுதுவேன் அந்த ஆதாயத்தை?

இளைஞர்களே! வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாங்குவோம், வளருவோம், வானமளவு வளருவோம்! ஆனால் வாங்குமுன் சொல்லுங்கள், யார் எதை விடப்போகிறார்கள்? வாங்கியபின் யார் போய்ப் பார்க்கப்போகிறீர்கள்?

அண்ணனின் இரும்பு நாற்காலியை இந்த மேடைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதோ, காலியாக இருக்கிறது. ஒருவர் வந்து உட்காருங்கள், கேள்வியை நான் கேட்கிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், இதைக் கேட்க இங்கே இல்லாத என் அண்ணனுக்கும் நன்றி சொல்லி வணங்குகிறேன்.