துக்கம் நடக்கிற வேகம்

அவைக்குத் தலைமை தாங்கும் பெரியவர் லக்ஷ்மிநாராயணன் அவர்களே, தெலுங்கு மண்ணில், இந்தக் குகட்பள்ளியில் வேர்விட்ட தமிழ்ப் பெரியோர்களே, பசித்த பிள்ளைகளை மடியில் அடக்கி வைத்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

நன்றி சொல்ல வந்தவன் நாணி நிற்கிறேன். சற்றுமுன் ஓடிய மௌனப்படத்தில், இறந்த குழந்தையை ஏந்திக்கொண்டு ஒரு தகப்பன் ஆற்றங்கரைக்குப் போனானே, கோழி விரட்டுகிறவன்போல் குடுகுடுவென்று ஓடினானே, அப்போது முதலில் வெடித்த சிரிப்பு யாருடையது? என்னுடையது! பக்கத்தில் இருந்த என் மகள் ப்ரியம்வதா எழுந்து வெளியே போய்விட்டாள். பழைய படங்களைச் சீராக்கும் கொண்டாப்பூர் கம்பெனியில் அந்தப் படத்தைக் கீறல் கீறலாகத் துடைத்து மீட்டவள் அவள்தான்.

அன்பர்களே! அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்றினார்கள். சுற்றிய கையின் வேகம் எதுவோ, அதே வேகத்தில்தான் படத்தை ஓட்ட வேண்டும். வேகம் மிஞ்சினால் அழுகை ஆட்டமாகும், இழவு கூத்தாகும்! பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கைகழுவிய நான், இந்தப் பாடத்தை நடந்தே படித்தேன். படத்தின் சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க, பிள்ளைக்குப் பதில் என் கையில் ஒரு தலையணையைக் கொடுத்து, வராந்தாவில் நடக்கவிட்டாள் மகள்.

"மெதுவாப்பா. பஸ்ஸா பிடிக்கப் போற?"

நடந்தேன்.

"இதான்! எப்படிப்பா இவ்வளவு கரெக்டா நடந்த?"

"நடிப்பும்மா. சினிமாக்காரங்க என்னைத் தவறவிட்டுட்டாங்க."

அந்த நடைக்குத்தான் படத்தின் வேகத்தைப் பொருத்தினாள்.

இன்று என்ன நடந்தது? செயலாளர் உலகநாதனைக் கேட்டேன். "சீஃப் கெஸ்ட் லேட்டுண்ணா. பேச்சே இல்லாத படம்தானே, லேப்டாப்புல ஒன்றரை மடங்கு ஸ்பீடு வச்சிட்டோம். சாம்பார் ஆறிடும்ல?" என்றார்.

ஆறு பேருக்குப் பொன்னாடை போர்த்த நேரம் இருந்தது. அருமைப் பிள்ளையைப் பறிகொடுத்தவன் நடந்துபோக நேரம் இல்லையா?

என்ன தம்பி? "அங்கிள், ஜல்தி முடிங்க"வா? நக்கோ, முடியாது! என்னையுமா ஒன்றரை மடங்கில் ஓட்டப் பார்க்கிறாய்?

வேகத்துக்குச் சம்பளம் தரும் ஊர் இது. கட்டடம் வேகம், கார் வேகம், கல்யாணமும் வேகம். ஆகட்டும்! ஆனால் பிள்ளையின் பிணத்தைச் சுமப்பவன் முதுகில் பிரம்பால் அடித்து ஓட்டாதீர்கள், ஐயா, ஓட்டாதீர்கள்!

தலைவருக்கு நன்றி. விருந்தினருக்கு நன்றி. விளக்குப் போட்டவருக்கு நன்றி. சிரித்தவர்களுக்கு, என்னையும் சேர்த்து, நன்றி கிடையாது. இலை போட்டாயிற்று, மெதுவாகச் சாப்பிடுங்கள். வணக்கம்.

மேடையில் சொல்லாமல் இறங்கியது ஒன்று உண்டு. ப்ரியம்வதாவுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். அவனை ஏந்திக்கொண்டு நான் அப்படித்தான் நடந்தேன். அவளுக்குத் தெரியாது.