அவர் கொடுத்த ஜீன்

அல்சூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் மடியில் அவள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் குடுத்ததாவது கொஞ்சம் வேலை செய்யுதுக்கா. அவரு குடுத்தது சுத்த வேஸ்ட்டு!" என்றாள் தங்கை.

"என்னடி சொல்ற?"

"இவ நோய்க்காக எடுத்த ஜீன் ரிப்போர்ட்டு வந்துடுச்சு. எங்க ரெண்டு பேர்கிட்டேருந்தும் ஆளுக்கொரு கோளாறான ஜீன் வந்திருக்கு. லேப்ல ரெண்டையும் தனித்தனியா செல்லுக்குள்ள போட்டு, என்சைம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு பாத்தாங்க. அவரோடது துளிகூட செய்யல. என்னோடது கொஞ்சம் செய்யுது. அதனாலதான் இவளுக்கு விட்டமின் மாத்திரை கேக்குதாம்."

"உன் ரத்தம்தான் கெட்டதுன்னு உன் மாமியார் மூணு வருஷமா சொன்னாங்களே?"

"இப்ப லேப்ல மிஷின் கெட்டுப்போச்சாம்."

"உன் வீட்டுக்காரரு?"

"ரிப்போர்ட்டை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரு. நான் அதுக்கு முன்னாடியே ஜெராக்ஸ் எடுத்து ஃபிரிட்ஜ் மேல ஒட்டிட்டேன்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

தங்கை சிரிக்கவில்லை. மகளின் தலையைச் சரியாகச் சாய்த்துக்கொண்டாள்.

"சிரிக்காதக்கா. மூணு வருஷமா மாமியார் சொன்னதை நானும் நம்பினேன்."