வெளிவிசை

— மின்தடைன்னா கரெண்ட் போறது. இதுல என்ன பெரிய விஷயம் இருக்கு?

— ஐயோ அத்தை! இன்னும் எத்தனை தடவை சொல்றது? கரெண்ட் போனா அது மின்வெட்டு. மின்தடைன்னா, மின்சாரத்தைச் சுலபமா போக விடாம ஒரு கம்பி இழுத்துப் பிடிக்குதே, அது.

— பேப்பர்ல ‘நாளை மின்தடை’ன்னு கொட்டை எழுத்துல போடுறானே, அவன் படிக்காதவனா?

— பேப்பர்க்காரர் உங்க விடைத்தாளைத் திருத்தப் போறதில்ல. நம்ம கடை இஸ்திரிப் பெட்டியை நினைச்சுக்கோங்க. உள்ள இருக்குற காயில் கரெண்டோட மல்லுக்கட்டுது. அதுல சூடு வருது. அந்தச் சூட்டுலதான் நீங்க சட்டை தேய்க்கிறீங்க.

— மல்லுக்கட்டுனா சூடு வரும். உன் புருஷன் மாதிரி.

— அவர் உங்க மகன் அத்தை. எனக்குக் கைமாறி வந்தவர்தான்.

— வாய் மட்டும் நல்லா நீளுது. கொஞ்சம் தள்ளி உக்காரு, இந்தப் படிக்கட்டு காலையிலயே சுடுது. ஏன்டீ, என் பையில எதுக்கு இத்தனை பேனா? ஸ்கூல் வாசல்ல கடை போடப் போறியா?

— ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ணு வேணாமா? பேச்சை வளர்க்காதீங்க, இப்போ மணி அடிச்சிடுவாங்க. வேலைன்னா என்ன?

— விடியறதுக்கு முன்னாடி எழுந்து, தண்ணி பிடிச்சு, சமைச்சு, தையக்கடையைத் திறந்து, இடுப்பு ஒடியற வரைக்கும் மெஷினை மிதிச்சா அதுக்குப் பேரு வேலை.

— அறிவியல்ல கேக்குறேன்! விசை கொடுத்து ஒரு பொருளை நகர்த்தினாதான் வேலை. நகரலைன்னா பூஜ்யம். போன வாரம் துணி மூட்டையைத் தூக்கி வெச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புல அசையாம நின்னீங்களே, அந்த நேரம் மூட்டை மேல நீங்க செஞ்ச வேலை பூஜ்யம்.

— பூஜ்யமா? கழுத்து திரும்பலைன்னு தைலம் தேய்ச்சுக்கிட்டு கிடந்தேனே! எவன்டீ அப்படிச் சொன்னவன்? அவனை வரச் சொல்லு, மூட்டையை அவன் தலையில ஏத்துறேன். அப்புறம் சொல்லட்டும் பூஜ்யம்னு.

— அந்தக் கோபத்தை விடைத்தாள்ல காட்டிடாதீங்க. எழுதினா, மார்க்கும் பூஜ்யம்.

— யாருடீ கண்டுபிடிச்சா இந்தப் பரீட்சையை? பாதியில படிப்பை விட்டவங்களுக்குன்னு சொல்லிட்டு, அறிவியல், குடிமையியல், பொருளாதாரம், விளையாட்டுன்னு எல்லாத்தையும் ஒரே தாள்ல போட்டுக் கலக்கி வெச்சிருக்கான்.

— பத்தாவது பாஸ்னு சான்றிதழ் சும்மா தூக்கிக் கொடுப்பாங்களா? சரி, நிலைமம்?

— அது நல்லாத் தெரியும். உன் புருஷன், ஞாயித்துக்கிழமை.

— அத்தை!

— என்ன தப்பு? சும்மா கிடக்குறது சும்மாவேதான் கிடக்கும்.

— ‘வெளிவிசை ஒன்று செயல்படும் வரை’ன்னு முடிக்கணும். வெளிவிசையை விட்டா பாதி மார்க் போச்சு.

— அவனுக்கு நான் கொடுக்காத வெளிவிசையா? பத்தாவது பரீட்சை அன்னைக்கு எனக்கு டிமிக்கி கொடுத்துட்டு குளத்துல நீச்சல் அடிக்கப் போனவன். அப்புறமாவது எழுதுடான்னு கெஞ்சினேன், பட்டினி கிடந்தேன், தலைகீழா நின்னு பார்த்தேன். அசைஞ்சானா? அந்த ஒரு குறை மட்டும் என் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது.

— இப்போ அவர் மாறிட்டார் அத்தை. நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது துணி மடிச்சுக்கிட்டே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கார். நேத்து தூக்கத்துல ‘ஒவ்வொரு விசைக்கும்’னு ஆரம்பிச்சு முழுசா சொல்லி முடிச்சார்.

— ஆமா, நீ என்னைக் கேட்டா அவன் முந்திரிக்கொட்டை மாதிரி பதில் சொல்றான். இன்னைக்கு எங்க அவன்? பெத்தவ பரீட்சைக்கு வந்திருக்கா, கூட வந்து நிக்க வேணாமா?

— இந்த ஸ்கூல் யூனிஃபார்ம் மூட்டையை இங்கயே கொண்டு வந்து கொடுக்கச் சொல்லியிருக்கேன். வந்துடுவார்.

— லீவு நாள்ல யாருடீ யூனிஃபார்ம் வாங்குறா?

— ஆபீஸ் திறந்திருக்காம். பொருளாதாரத்துக்கு வாங்க. வாய்ப்புச் செலவு?

— செலவுன்னாலே எனக்கு ஆகாது.

— ஒரு துண்டுத் துணி இருக்கு. அதுல ஒரு ஜாக்கெட்டு வெட்டலாம், இல்லைன்னா குழந்தைக்கு ஒரு கவுன் வெட்டலாம். ரெண்டும் வராது. நீங்க ஜாக்கெட்டு வெட்டிட்டீங்க. கை விட்டுப் போச்சே ஒரு கவுன், அதுதான் வாய்ப்புச் செலவு.

— இதை மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல? சரி, நான் ஒண்ணு கேக்குறேன். நீ நாள் பூரா மெஷின்ல குனிஞ்சு பொத்தானுக்குக் காஜா போடுற. சாயங்காலம் கொஞ்ச நேரம் மைதானத்துக்குப் போய் பொண்ணுங்களுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுத்துட்டு வந்தா, உன் முகமே வேற மாதிரி இருக்கு. இதுல எது வாய்ப்புச் செலவு?

— அந்தப் பேச்சு வேணாம் அத்தை.

— ஏன் வேணாம்? விளையாட்டு டீச்சர் கடைப்படி ஏறி வந்து கேட்டாங்க. ‘உங்க மருமகளைத் துணைப் பயிற்சியாளரா எடுத்துக்கிறோம், பத்தாவது சான்றிதழ் மட்டும் இருந்தா போதும்’னு. நீ என்னடான்னா அறுந்த நூலைத் தேடுற மாதிரி மெஷினுக்கு அடியில போய் ஒளிஞ்ச.

— வேற என்ன பண்ண? பரீட்சை ஹால்னாலே எனக்குப் பயம். அன்னைக்கும் எல்லாம் படிச்சிட்டுத்தான் போனேன். கேள்வித்தாளைக் கையில வாங்கினதும் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓட ஆரம்பிச்சுது. பேனாவை மூடி வெச்சுட்டு எழுந்து வந்துட்டேன். வாசல்ல எங்க அப்பா நின்னுக்கிட்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டலை அத்தை. திட்டியிருந்தா கூட மறந்திருப்பேன்.

— சரி, சரி. கண்ணைத் துடை.

— நான் ஒண்ணும் அழலை. நீங்க எழுதுங்க. நீங்க எழுதினா நான் எழுதின மாதிரி. குடிமையியல் பாக்கி இருக்கு. கடையில ஒரு பொருள் வாங்குற நுகர்வோருக்கு என்ன உரிமை?

— கடைக்காரன்கிட்ட சண்டை போடுற உரிமை.

— தகவல் பெறுற உரிமை! என்ன ஏதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். படிச்சுப் பார்க்காம எதுலயும் கையெழுத்து போடக் கூடாது.

— ஓஹோ. புது மெஷின் வந்தப்போ வாரண்டின்னு நான் ஒரு தாளை நீட்டினேன். நீ நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டே கையெழுத்து போட்டியே?

— மாமியார் நீட்டினா படிச்சா பார்ப்பாங்க? வாரண்டிக்கு எதுக்கு போட்டோன்னு மட்டும் கேட்டேன். மெஷினை யார் ஓட்டுறாங்கன்னு கம்பெனிக்குத் தெரியணுமாம்னீங்க.

— கம்பெனி ரூல். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

— சரி விடுங்க. கடைசியா விளையாட்டு. தொடரோட்டத்துல பேட்டன் குச்சியை எப்படி வாங்கணும்?

— நின்னு, திரும்பி, பத்திரமா பார்த்து வாங்கணும்.

— போச்சு! அதுக்குள்ள பக்கத்துல ஓடுறவ பரிசையே வாங்கிடுவா. ஓடிக்கிட்டே கையை மட்டும் பின்னாடி நீட்டணும். திரும்பவே கூடாது. கொடுக்குறவங்க சரியா வெச்சிடுவாங்கன்னு நம்பணும்.

— கொடுக்குறவ ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தா?

— பேட்டன்ல என்ன அத்தை பொய்யும் உண்மையும்?

— பரீட்சை எழுதுறவங்க எல்லாம் உள்ள வாங்க! மணி அடிச்சாச்சு! படிக்கட்டுல உக்காந்திருக்குறவங்க, உங்களைத்தாம்மா. ரெண்டு பேர்ல யாரு எழுதுறது?

— ஒரு நிமிஷம் வாட்ச்மேன் தம்பி. மருமகளே, இங்க பாரு, கையைக் கொடு. நான் சொல்றதைக் கேட்டு மயக்கம் போட்டுடாத.

— என்ன அத்தை, உங்களுக்குப் படபடப்பா இருக்கா?

— இருக்கு. ஆனா பரீட்சையால இல்ல. நான் எழுதலடீ. நான் பத்தாவது எப்பவோ பாஸ். என் கல்யாணத்துக்கு முன்னாடியே. அந்தத் தாள் வாரண்டி இல்ல. உன் பேர்லதான் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டேன். உன் புருஷனும் எனக்குக் கூட்டு, வாயைத் திறந்தா சோறு கிடையாதுன்னு மிரட்டி வெச்சிருந்தேன். உனக்குன்னு சொன்னா நீ புத்தகத்தையே தொட மாட்ட. எனக்குன்னு சொன்னதும் எவ்வளவு ஆசையா படிச்சுச் சொல்லிக் கொடுத்த! திட்டணும்னா திட்டிடு.

— திட்ட இப்போ நேரம் எங்க இருக்கு?

— அப்போ நீயே முடிவு பண்ணு. உள்ள போறதும் போகாததும் உன் உரிமை. வேணாம்னா இப்பவே வீட்டுக்குப் போயிடலாம், கடையைத் திறக்கலாம். சத்தியமா இந்தப் பேச்சை இனி எடுக்க மாட்டேன்.

— ஹால் டிக்கெட்டைக் கொடுங்க.

— போறியா? என் ராசாத்தி! இரு, இங்கதான் டிபன் டப்பாவுக்கு அடியில… இல்லையே… பர்ஸ்ல… ஐயய்யோ, காணோமே! பத்திரமா பீரோவுல வெச்சிருந்து, இன்னைக்குக் காலையில கவரோட எடுத்துப் பையில வெச்சேனே!

— வெறும் கவரைத்தான் வெச்சிருக்கீங்க. பதறாதீங்க. அது ரொம்ப நாளா என் பர்ஸ்ல இருக்கு.

— என்னது?

— இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் ஆனப்போ, எலக்ட்ரீஷியன் ஒயரை மாத்தணும்னார். ‘மொதல்ல காயிலோட மின்தடையை அளந்து பாருப்பா’ன்னு நீங்க அவரை விரட்டினீங்க. அன்னைக்கு ராத்திரியே என்கிட்ட ‘மின்தடைன்னா கரெண்ட் போறது’ன்னீங்க. மறுநாளே பீரோவைக் குடைஞ்சு, என் பேர்ல பரீட்சைக்குப் பணம் கட்டின ரசீதைப் பார்த்துட்டேன், ஹால் டிக்கெட் வந்ததும் எடுத்துக்கிட்டேன்.

— அடிப்பாவி! தெரிஞ்சுக்கிட்டே ஏன்டீ திரும்பத் திரும்ப எனக்குச் சொல்லிக் கொடுத்த?

— நீங்கதான் திரும்பத் திரும்பத் தப்பா சொன்னீங்களே. எனக்குன்னு நினைச்சு உக்காந்தா அந்த எறும்பு வந்துடும் அத்தை. உங்களுக்குன்னு நினைச்சா ஒரு எறும்பும் வரலை. அதனால இந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே நான் சொல்லிக்கலை.

— இப்போ எறும்பு வருதா?

— ஒண்ணு ரெண்டு வருது. பரவாயில்ல.

— அம்மா, குடும்பப் பேச்சை அப்புறம் வெச்சுக்கோங்க. கேட்டை மூடவா, வேணாமா?

— வந்துட்டேன் அண்ணே! நான்தான் எழுதுறேன்.

— நல்லா எழுதுடீ. திரும்பிப் பார்க்காம போ. நான் இங்கயே இருக்கேன், நீ எப்போ வெளிய வந்தாலும் சரி.

— இருங்க, ஆனா சும்மா இருக்க முடியாது. அண்ணே, கேட்டை மூடிடாதீங்க, இன்னொருத்தர் பாக்கி.

— இன்னொருத்தர் யாருடீ?

— அதோ, மூட்டையோட வண்டியில வர்றார் பாருங்க, உங்க மகன். அன்னைக்கு நான் படிக்காம கையெழுத்து போட்டேன்னு விழுந்து விழுந்து சிரிச்சாரே, அவருக்கும் ஒரு தாள் நீட்டினேன். வண்டி இன்சூரன்ஸ்னேன். போட்டோவோட கொடுத்தார்.

— அப்போ… அவனுமா?

— அவருக்கு என் பக்கத்து ரூம். ஹால் டிக்கெட் இந்தாங்க, பேனா உங்க பையில இருக்கு. அவர் நிலைமத்துல இருக்கார் அத்தை, வெளிவிசை நீங்கதான். பிடிச்சு உள்ள தள்ளுங்க!