குட்டையில் தொங்கும் மாடி

கொட்டாதீங்க மேஸ்திரி, கொஞ்சம் இருங்க... ஜல்லி எங்க ஓடிப்போகப் போவுது? எறக்கி வைங்க கூடைய. தெருத்தெருவா பள்ளம் வாயப் பொளந்துகிட்டுக் கெடக்கு, அதெல்லாம் உங்களுக்குத் தெரியல. என் குடை ரிப்பேர் கடை வாசல்ல இருக்கறதுதான் கண்ண உறுத்துதாக்கும்.

என்னது, இந்தப் பள்ளத்த மூடச் சொல்லி மனு வந்துச்சா? எவன் போட்டான்... ஆமா, நாந்தான் போட்டேன். அது போன மாசம். அப்ப எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் சண்டையில்ல.

சண்டைன்னா என்ன பெரிய சண்டை. குடை வாங்க வந்த ஆளுகிட்ட, "எங்க வீட்டம்மா கொறட்ட விட்டா கடையில மடக்கி வச்ச குடையெல்லாம் தன்னால விரிஞ்சிக்குது"ன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பொய்தான், எல்லாம் விரியாது, ரெண்டு மூணுதான்... சரி விடுங்க. பின்னாடி நின்னு கேட்டுட்டா. "இனி உங்க மூஞ்சிலயே முழிக்கமாட்டேன்"னு பொட்டியத் தூக்கிட்டு எதிர்த்த மாடியில மக வீட்டுக்குப் போயிட்டா. நானும் ரோஷக்காரன். "உன்ன நிமிந்து பாத்தா ஏன்னு கேளு"ன்னுட்டேன்.

இன்னிக்கு வரைக்கும் நிமிரல மேஸ்திரி. குனிஞ்சுதான் பாக்கறேன். அதுக்குத்தான் பள்ளத்துல தேங்கின இந்தத் தண்ணி வேணுங்கறேன்.

இப்படி வந்து எட்டிப் பாருங்க. மூக்கப் பிடிச்சுக்கங்க, நாத்தம் கொஞ்சம் இருக்கும். வண்டி எண்ணெ சிந்தி ஒரு ஓரமா மயில் கழுத்தாட்டம் மினுக்குதா? அந்தாண்ட மாடி தலகீழா தொங்குதா? கொடியில துணி காயப்போடறா பாருங்க, மேகத்துல நின்னுகிட்டு. நேர்ல இவ்ளோ அழகில்ல, சத்தியமா. பஸ் சக்கரம் ஏறினா துண்டு துண்டா செதறிப்போவா. அப்பறம் ஒவ்வொண்ணா வந்து கூடும். மூக்கு மட்டும் கடைசியா வந்து ஒட்டும், கொஞ்சம் கோணலா.

என்ன சிரிக்கிறீங்க? கைய ஆட்டறாளா? யாரப் பாத்து, தண்ணியில தெரியற என்னையா? நெஞ்சத் தொட்டுத் தொட்டு என்னமோ காட்டறாளே... அட, சட்டப் பொத்தான மாத்திப் போட்டிருக்கேன்.

இருங்க, இருங்க... நா அவளப் பாக்கற மாதிரி அவளும் இதுல என்னைப் பாத்துகிட்டா இருந்திருக்கா? இத்தன நாளா? நா தண்ணியப் பாத்துப் பல்லக் காட்டினது, வாயக் குவிச்சது... அதயுமா?

கூடைய இப்படிக் குடுங்க மேஸ்திரி, நானே கொட்டறேன்... இல்ல, வேணாம், வைங்க. தள்ளி வைங்க. மொதல்ல பொத்தானச் சரியா மாட்டிக்கறேன். அவ நிக்கறா பாருங்க.