வெட்டின வலை

ரேஷன் கடைத் தோழர்களே... ரெண்டு மணி நேரமா குறையெல்லாம் சொன்னீங்க, உங்க சங்கத் தலைவியா நானும் கேட்டேன். இப்ப அதைக் கொஞ்சம் ஓரமா வைங்க. கோடியக்கரையில நடந்த ஒரு சின்ன விஷயம் சொல்றேன். காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் குடுங்க.

ஐப்பசி மாசம் ஆச்சுன்னா கோடியக்கரைக் காட்டுக்கு எங்கெங்கேயோ இருந்து பறவைங்க வந்து இறங்கும். வடக்கே பனி கொட்டுற நாட்டுல இருந்து கிளம்பி, கைக்குள்ள அடங்குற குருவி கூட வந்துரும். அதை மெல்லிசான வலையில பிடிச்சு, கால்ல நம்பர் போட்ட வளையம் ஒண்ணு மாட்டி, பறக்க விட்டுருவாங்க. எங்க இருந்து வருது, எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்க. அந்த வேலையைப் பாத்தவங்க தவமணி. அகஸ்தியன்பள்ளி உப்பளத் தொழிலாளி மக. கூட வலை கட்டுறவர் அன்வர்தீன் பாய், தோப்புத்துறைக்காரர். ரெண்டே பேர்.

வலை எத்தனை? எட்டு. அந்த எட்டு வலைக்காகத் தவமணி மேலிடத்துக்கு எத்தனை லெட்டர் எழுதினாங்க தெரியுமா? வலை கைக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் எழுதினாங்க! தினமும் எட்டு வலை, அதே இடம், அதே நேரம்... ஒண்ணு குறைஞ்சாலும் போன வருஷத்தோட ஒப்பிட முடியாது. வலை கட்ட ஆரம்பிச்சு அது மூணாவது வருஷம். அது முடிஞ்சாத்தான் அந்த ஆராய்ச்சியே முடியும்.

ஒரு நாள் காலைல ஏழு மணி. கடல் பக்கம் திடீர்னு கறுத்துச்சு. வலையைச் சுருட்டலாம்னு இவங்க ஓடுறதுக்குள்ள, காத்துக்குப் பயந்த குருவிக் கூட்டம் மொத்தமா காட்டுக்குள்ள இறங்கிருச்சு. இறங்கினது எங்க? வலையில! அஞ்சு வலையில நாப்பது, அம்பது குருவி. காத்துல வலை முறுக்கிக்கிச்சு. குருவி உள்ள... மேல மழை.

தவமணி இடுப்புல இருந்த கத்தரிக்கோலை எடுத்தாங்க. பாய் பதறிட்டார்.

"வேணாம்மா! வெட்டிராதம்மா! ஒண்ணொண்ணா எடுத்துருவோம்."

"ஒண்ணொண்ணா எடுக்க ஒரு மணி நேரம் ஆகும் பாய். நனைஞ்ச குருவி கால் மணி கூடத் தாங்காது."

"அதுக்காக? மூணு வருஷ உழைப்பும்மா!"

"தெரியும் பாய். லெட்டர் எழுதினதே நான்தானே?"

சொன்னாங்க... வெட்டினாங்க. கண்ணுல தண்ணி வருது, கை நிக்கல. சரக்... சரக்... பாய் என்ன பண்ணார்? மடியில இருந்த கத்தியை எடுத்துட்டு அடுத்த வலைக்குப் போயிட்டார்.

வெட்டின நூலோட குருவிங்களைத் துணிப்பைக்குள்ள போட்டு, கொட்டகைக்குக் கொண்டு போய், நூலை உருவி, ஈரம் ஒத்தி எடுத்தாங்க. அன்னைக்கு வளையம் மாட்டினாங்களா? இல்ல. எடை போட்டாங்களா? இல்ல. மழை விட்டதும் கதவைத் திறந்தாங்க. நாப்பத்தி மூணு பறந்துச்சு. ரெண்டு செத்துப் போச்சு. அந்த ரெண்டையும் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்களாம்.

மத்தியானம் மேலதிகாரி போன்ல வந்தார்.

"என்னம்மா, காத்துல வலை கிழிஞ்சிருச்சாமே?"

பாருங்க... தப்பிச்சுக்க வழியை அவரே எடுத்துக் குடுக்குறார்! ஆமா சார்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது. ஆனா தவமணி என்ன சொன்னாங்க?

"கிழியல சார். நான்தான் வெட்டினேன்."

"வெட்டினியா? இந்த வருஷக் கணக்கு என்னாகுறது?"

"குருவி உயிரோட போகணும்னுதான் சார் இந்த வேலையே. அதைச் சாகவிட்டு நான் எதைக் கணக்கெடுக்குறது?"

அவர் கோவத்துல போனை வெச்சுட்டார். புது வலை கிடையாதுன்னு ஆயிருச்சு. தவமணி மூட்டையைக் கட்டலாம்ல? கட்டலையே! வெட்டின அஞ்சு வலையையும் சைக்கிள்ல வெச்சுக்கிட்டு ஆறுகாட்டுத்துறைக்குப் போனாங்க. மீனவப் பொம்பளைங்க வலை முடிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அதுல செங்கமலம்னு ஒரு அம்மா, வலையைத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு,

"ஏ ஆத்தி, இது தலைமுடியாட்டம்ல இருக்கு! இதுல மீனு நிக்குமாடி?"

"மீனு இல்லக்கா, குருவி. முடிஞ்சு தர முடியுமா?"

"குருவியோ, திமிங்கலமோ... கண்ணி கண்ணிதானே? நூலக் கொண்டா."

நாலு பொம்பளைங்க. பதினோரு நாள். பன்னெண்டாம் நாள் காலைல எட்டு வலையும் காட்டுக்குள்ள நின்னுச்சு. பதிவேட்டுல அந்தப் பதினோரு நாள் மட்டும் வெறும் கோடு. பக்கத்துல தவமணி கைப்பட எழுதியிருக்காங்க: "வலையை நான் வெட்டியதால் பணி இல்லை." அந்த வரியோடதான் மூணு வருஷ அறிக்கை போச்சு. அந்த வரியோடதான் ஏத்துக்கிட்டாங்க.

இப்ப உங்க கிட்ட வர்றேன்.

தோழர்களே... நம்ம கடையில ஒரு மிஷின் இருக்கு. விரலை வெச்சா ரேகை விழணும். போன வாரம் ஒரு அம்மா... செங்கல் சூளையில வேலை. கல்லு சுமந்து சுமந்து விரல்ல ரேகையே இல்ல. மூணு நாள் வந்துச்சு, மூணு நாளும் வெறும் பையோட திரும்பிப் போச்சு. அனுப்பினது யாரு? மிஷினா? மிஷினுக்கு வாய் இருக்கா? "போயிட்டு நாளைக்கு வா"ன்னு சொன்னது நம்ம வாய்!

அந்த மிஷின் எதுக்கு வந்துச்சு? அரிசி சரியான ஆளுக்குப் போய்ச் சேரணும்னு வந்துச்சு. சரியான ஆளு எதிர்ல நிக்குது, உங்களுக்கு முகம் தெரியுது, பேர் தெரியுது, பிள்ளைங்க எத்தனைன்னு தெரியுது... அப்புறமும் திருப்பி அனுப்பினா, நாம யாருக்கு வேலை பாக்குறோம்?

மிஷினைத் தூக்கிப் போடச் சொல்லல. யாரையும் ஏமாத்தவும் சொல்லல. ரேகை விழலையா? பதிவேட்டை எடுங்க. தேதி போடுங்க, காரணம் எழுதுங்க, கையெழுத்து வாங்குங்க, அரிசியை அளந்து போடுங்க. எதையும் மறைக்காதீங்க. நாளைக்கு யாராவது வந்து ஏன் போட்டேன்னு கேட்டா, பயப்படாதீங்க. காரணம் எழுதின இடத்துல என் பேரையும் சேத்து எழுதுங்க. சங்கத் தலைவி மங்கையர்க்கரசி போடச் சொன்னாங்கன்னு எழுதுங்க. வந்து பதில் சொல்றேன். நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு, உங்க கடை வாசல்ல இருந்து ஒரு பை கூட வெறுமையா போகக் கூடாது!