அவர் செய்யாத ஒரு தவறு

மேடையில் இருக்கும் மருத்துவர் ஐயா, மேலாளர் ஐயா, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியக்காவின் கணவர், மகள், உடன் வேலை பார்க்கும் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. எழுதி வந்ததைப் படிக்கிறேன்.

நாம் இன்று அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் பெரியக்கா, நம் ரத்தப் பரிசோதனைப் பிரிவின் மூத்தவராக இருந்தவர். அவரைப் பற்றி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் குறிப்பு, “இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரே ஒரு தவறு” என்கிறது. பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தவறைச் செய்தது அவர் இல்லை. நான். இதைச் சொன்ன பிறகு நாளை எனக்கு இங்கே வேலை இருக்குமா, தெரியாது.

அவர் யாரையாவது மட்டம் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? தரையைத் துடைக்கிற அம்மா முடிக்கும்வரை வாசலிலேயே நிற்பார். மருத்துவர் ஐயாவையும் நிறுத்தி வைப்பார்!

அந்தத் தவறு நடந்த அன்று என் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். வேலையைச் சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில், ரத்தம் எடுக்கும் முன்பே டியூப்களில் பெயர்களை ஒட்டி வைத்தேன். இரண்டு டியூப் மாறிப்போனது. ஒருவருக்கு இல்லாத சர்க்கரை வந்தது. இன்னொருவருக்கு இருந்த சர்க்கரை போனது. ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

“அக்கா, என் வேலை போயிடுமா?”

“முதல்ல உட்காரு. அவங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு நான் பேசுறேன்.”

வந்தவர்களில் ஒருவர் கத்தினார். “ஒரு வாரமா சர்க்கரை இல்லாத காபிம்மா! மனுஷன் குடிப்பானா?”

“தப்பு எங்களோடதுதான் ஐயா. மறுபடி ரத்தம் எடுக்கணும். திட்டி முடிச்சிட்டு கையை நீட்டுங்க, எனக்கு அவசரமில்லை.”

மனிதர் சிரித்துவிட்டார்.

“யார் ஒட்டினது?” என்று மேலாளர் கேட்டார். “என் மேற்பார்வையில நடந்தது. என் பேரையே எழுதுங்க” என்றார் பெரியக்கா.

என்னைத் திட்டவில்லையா? திட்டினார்! பொருள் அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு. “எடுத்த பிறகுதான் ஒட்டணும். இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா நானே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்.” வெளியே வந்ததும் எல்லோர் முன்னாலும் கேட்டது ஒன்றுதான்: “டீ குடிச்சியா?”

தவறு அவர் பெயரில் பதிவானதால் அவருடைய பதவி உயர்வு மூன்று ஆண்டு தள்ளிப்போனது. “உண்மையைச் சொல்லிடறேன்க்கா” என்றேன். “குழந்தை நடக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்றார். குழந்தை நடந்தது, ஓடியது, பள்ளிக்கே போய்விட்டது. நான்தான் வாயைத் திறக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

மேலாளர் ஐயா, நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். மேடையிலிருந்து இறங்கியதும் தருகிறேன். பெரியக்காவின் கோப்பில் இருப்பதை எடுத்துவிட்டு, இதை என் கோப்பில் வையுங்கள்.

இங்கே எனக்கு இடம் இருந்தால் அவர் வேலையை அவர் செய்தபடியே தொடர்வேன். இல்லாவிட்டால், இனி எந்த ஊசியை எங்கே பிடித்தாலும் அவரிடம் கற்றவள் என்று சொல்லும்படி பிடிப்பேன்.