அம்மனுக்கு ஒரு ஹெட்போன்

— இழுக்காதீங்க தலைவர், ஒடஞ்சிரும்! பித்தளைக் குடத்துக்கு யாராவது ஹெட்போன் மாட்டுவாங்களா?

— சும்மா இருங்க இம்தியாஸ் நானா. அம்மாவோட தலையை நூல் புடிச்சு அளந்து, அதே அளவுல குடம் தேடிக் கொண்டாந்திருக்கேன். ஆறு மணிக்குப் பூசை. நாலே முக்காலுக்குக் கொட்டகலை பஸ். வெரசாக் காட்டுங்க.

— எந்த அம்மாவுக்கு?

— எங்க தோட்டத்து மாரியம்மாவுக்குத்தான்.

— யா அல்லாஹ்! ஹட்டன்ல இருவது வருசமாக் கடை வச்சிரிக்கேன். சாமிக்கு ஹெட்போன் கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான்.

— என்னா செய்ய? தொரை பங்களாவ ஹோட்டலாக்கிட்டாங்க. வெள்ளக்காரங்க தூங்கணுமாம். இந்த வருசத் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டக்கூடாதுன்னு பொலிஸ்ல சொல்லிட்டாங்க. பாட்டு இல்லாம அம்மா எப்புடித் தேர் ஏறுவா? நம்ம கைக்காசுல ஹெட்போன் வாங்கி மாட்டுறேன்னு கோயில் கமிட்டியில சொன்னேன். தலைவர்னா யோகேஸ்வரன்தான்னு கைதட்டினாங்க.

— நல்ல காரியந்தான். அப்ப இதப் பாருங்க, பின்பக்கம் தொறந்த மாடல். கேட்டீங்கண்டா, பாடுறவர் முன்னுக்கு நிண்டு பாடுற மாதிரி இரிக்கும்.

— தொறந்திருக்கா? அப்ப வெளிச்சத்தம் உள்ள போகுமே.

— கொஞ்சம் போகும். மேளமும் மணியும் சாமிக்குக் கேக்கத்தானே வேணும்?

— வேணவே வேணாம். மூடினத எடுங்க.

— இந்தாங்க, மூடினது. இருநூத்தம்பது ஓம்.

— ஓமா? அப்ப சாமி ஹெட்போனேதான்!

— அந்த ஓம் இல்ல தலைவர். கரண்டுக்கு இது குடுக்குற எதிர்ப்பு. நேரா ஃபோன்ல குத்தினா கொசு மொனகுற மாதிரிதான் கேக்கும். அதுக்குத்தான் இந்த அம்ப்ளிஃபயர். போட்டுப் பாருங்க, நாதஸ்வரம் விட்டிரிக்கேன். ஊதுறவர் மூச்செடுக்குறதும் கேக்குதா?

— நானா, வாய் மட்டும் அசையுது! என்னா சொல்றீங்கன்னே கேக்கல!

— கழட்டுங்க! பாட்டு எப்புடி எண்டு கேட்டேன்.

— பாட்டு கெடக்கு. திரும்ப மாட்டிக்கிறேன். என்னையப் பேர் சொல்லித் திட்டுங்க.

— எனத்துக்கு?

— திட்டுங்க நானா, பஸ் போயிரும்!

— நீங்க சொல்லித்தான் திட்டுறேன்... டேய் யோகேஸ்வரா! களவாணி!

— ம்ஹும். 'யோகே' வரைக்கும் கேக்குது. அந்தப் பெட்டியில சத்தத்தக் கூட்டுங்க.

— இதுக்கு மேல கூட்டினா காது போயிரும்!

— அம்மா காது கல்லு, தாங்கும். என் காது போனாப் போகட்டும். ம், கண்ண மூடிக்கிறேன், இப்ப திட்டுங்க.

— களவாணிப் பயலே! யோகேஸ்வரா! நாசமாப் போவ!

— ஏன் நானா பேசாம நிக்கிறீங்க? திட்டுங்க!

— கழட்டுங்க, கழட்டுங்க! மூணு தரம் திட்டிட்டேன். களவு போயிட்டோ எண்டு பக்கத்துக் கடைக்காரங்க வாசல்ல வந்து நிக்காங்க!

— அப்புடியா? ஒரு எழுத்துக் கேக்கல! இதுதான் செட்டு. கட்டுங்க, கட்டுங்க.

— பொறுங்க. இந்தக் கடைக்கு வாற எல்லாரும் நல்லாக் கேக்கணும் எண்டுதான் வாங்குறாங்க. நீங்க கேக்கக் கூடாதுண்டு வாங்குறீங்க. ஆறு மணிக்குக் கோயில்ல என்ன நடக்கப் போகுது? சொன்னாத்தான் சாமான் வெளிய போகும்.

— வாசல்ல நிக்கிறவங்களப் போகச் சொல்லுங்க.

— போயிட்டாங்க. சொல்லுங்க.

— எங்க தோட்டத்து மீனம்மாக்கா தேங்கா ஒடைச்சு அம்மாகிட்ட மொறையிடப் போறாங்க. அவங்க சேவலக் களவெடுத்தவன நீயே பாத்துக்க தாயின்னு, பேரைச் சொல்லி.

— உங்க பேரையா?

— என் பேரைத்தான்.

— ஒரு சேவலுக்கா இவ்வளவும்? வேற சேவல் வாங்கிக் குடுத்து மன்னிப்புக் கேளுங்களேன் தலைவர். மீனம்மா வாங்கிக்க மாட்டாங்களா?

— மீனம்மாக்கா வாங்கிக்குவாங்க நானா. ஆனா நான் கொழம்பு வச்சுத் தின்னது, அம்மாவுக்கு நேந்துவிட்ட சேவல்.